பணவீக்கம் 0.25 சதவீதமா? யாருடைய கூடையை அளக்கிறது அரசு?

2025 நவம்பர் 12 அன்று ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் ஓர் எண்ணை வெளியிட்டது. அக்டோபர் மாதத்துக்கான சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டு வரிசையில் அதுவரை பதிவானதில் இதுவே மிகக் குறைந்த அளவு. உணவுப் பொருட்களின் பணவீக்கமோ சுழியத்துக்கும் கீழே, மைனஸ் 5.02 சதவீதத்துக்குப் போயிருந்தது.

தொலைக்காட்சிகள் இதைச் சாதனையாகக் கொண்டாடின. அதே நாளில் சமையல் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனவர்களும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு அலைந்தவர்களும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இவர்கள் எந்த ஊர் கடையில் விலை பார்க்கிறார்கள்?"

"அரசு பொய் சொல்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் உண்மை அவ்வளவு எளிதானதல்ல. அந்த எண் பொய்யல்ல. நாம் கேட்கும் கேள்வி ஒன்று, அந்த எண் பதில் சொல்லும் கேள்வி வேறொன்று. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாதவரை, நமது வருமானத்தையும் ஓய்வூதியத்தையும் தீர்மானிக்கும் ஓர் எண்ணைப் பற்றி உருப்படியாக வாதிட முடியாது.

விலை இறங்கவில்லை, வேகம்தான் குறைந்தது

பணவீக்கம் என்பது விலை அல்ல. விலை உயரும் வேகம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போன பேருந்து ஐந்து கிலோமீட்டராக வேகத்தைக் குறைத்தாலும், அது முன்னோக்கித்தான் போகிறது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவதில்லை.

காய்கறியையே எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில் காய்கறிப் பணவீக்கம் 42.18 சதவீதம். அதாவது, 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்குக் கிடைத்த காய்கறி 2024-ல் 142 ரூபாய். அடுத்த ஆண்டு அக்டோபரில் காய்கறிப் பணவீக்கம் மைனஸ் 27.57 சதவீதம். 142-ல் 27.57 சதவீதத்தைக் கழித்தால் சுமார் 103. இரண்டு ஆண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் காய்கறி மலிவாகவில்லை. தாறுமாறாக ஏறியது, பழைய இடத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. ஆனால் ஓராண்டை மட்டும் ஒப்பிடும் கணக்கில் அது "வரலாறு காணாத வீழ்ச்சி" ஆகிவிடுகிறது. முந்தைய ஆண்டின் உயர்ந்த விலையோடு ஒப்பிடுவதால் வரும் இந்த மாயத்தைப் பொருளாதார அறிஞர்கள் அடிப்படை விளைவு என்கிறார்கள்.

அதே அக்டோபரில் எண்ணெய், கொழுப்பு வகைகளின் விலை ஓராண்டில் 11 சதவீதம் அளவுக்கு உயர்ந்திருந்தது. தங்கத்தை உள்ளடக்கிய தனிநபர் பயன்பாட்டுப் பொருட்கள் பிரிவு 23 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. காய்கறியின் வீழ்ச்சி இவற்றையெல்லாம் மறைத்துவிட்டது.

செய்திகளில் அதிகம் பேசப்படாத இன்னோர் எண்ணும் உண்டு. 2012-ல் 100 என்று வைத்துத் தொடங்கிய குறியீட்டெண் 2025 அக்டோபரில் ஏறத்தாழ 197. அதாவது 2012-ல் 100 ரூபாய்க்கு வாங்கிய அதே கூடைக்கு அப்போது 197 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. குடும்பத் தலைவி நினைவில் வைத்திருப்பது இந்த 197-ஐ. அமைச்சகம் அறிவிப்பது அந்த 0.25-ஐ. இரண்டும் ஒரே அட்டவணையில்தான் இருக்கின்றன.

கூடை எப்படிக் கட்டப்படுகிறது?

ஒவ்வொரு மாதமும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் களப்பணியாளர்கள் நாடு முழுவதும் நகர்ப்புறங்களில் 1,114 சந்தைகளிலும், 1,181 கிராமங்களிலும் விலைகளைச் சேகரிக்க வேண்டும் என்பது 2012 வரிசையின் ஏற்பாடாக இருந்தது. கூடுமானவரை அதே கடை, அதே பொருள், அதே தரம். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் விலை மாறாமல் எடை மட்டும் குறைந்தால், அதையும் விலை உயர்வாகவே கணக்கிட வேண்டும் என்பது முறை.

விலைகளைத் திரட்டுவது பாதி வேலைதான். எந்தப் பொருளுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று முடிவு செய்வது மீதிப் பாதி. உப்பின் விலை இரட்டிப்பானாலும் குடும்பம் கவிழ்ந்துவிடாது. அரிசி இரட்டிப்பானால் கவிழும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடை கொடுக்கப்படுகிறது. மக்கள் தங்கள் மொத்தச் செலவில் எத்தனை சதவீதத்தை அந்தப் பொருளுக்குச் செலவிடுகிறார்கள் என்பதே அந்த எடை. இதை அறிய, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் செலவை விசாரித்து எழுதும் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு நடத்தப்படுகிறது.

2012 வரிசையில் 100-க்கு உணவு மற்றும் பானங்களின் எடை 45.86. வீட்டு வசதி 10.07. எரிபொருளும் விளக்கும் 6.84. உடை, காலணி 6.53. மருத்துவம் 5.89. கல்வி வெறும் 4.46. தக்காளி 0.57, வெங்காயம் 0.64.

தக்காளி விலை இரட்டிப்பானால் மொத்தக் குறியீடு அரைப் புள்ளிக்குச் சற்று மேல்தான் நகரும். ஒட்டுமொத்தக் கல்விச் செலவு பத்து சதவீதம் உயர்ந்தாலும் குறியீட்டில் அது அரைப் புள்ளியைக்கூடத் தொடாது. மூன்று பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்க வைக்கும் ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் கல்வியின் எடை 4.46 ஆக இருக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கிராமப்புறக் குறியீட்டிலோ வீட்டு வாடகை என்ற கணக்கே இருக்கவில்லை. வேலை தேடி வேறு ஊருக்குப் போய் கிராமத்து ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் வாடகை உயர்வு அந்த வரிசையில் எங்கும் பதிவாகவே இல்லை.

பதினான்கு ஆண்டு பழைய கூடை

மக்களின் செலவு முறை மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் செலவு ஆய்வை நடத்தி எடைகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பது வழக்கம். இந்தியாவில் நடந்தது என்ன?

0.25 சதவீதம் என்ற எண்ணைத் தந்த எடைகள் 2011-12-ல் எடுத்த ஆய்விலிருந்து வந்தவை. அடுத்த ஆய்வு 2017-18-ல் நடந்தது. ஆனால் அதன் முடிவுகளை வெளியிடப் போவதில்லை என்று 2019 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. தரவுகளின் தரத்தில் குறை என்பது சொல்லப்பட்ட காரணம். பிறகு கொரோனா வந்தது. 2022-23-லும் 2023-24-லும்தான் புதிய ஆய்வுகள் நடந்தன. இடைப்பட்ட காலம் முழுவதும் கைப்பேசிக்கு முந்தைய யுகத்தின் ஒலி, ஒளிப்பேழைகளும் குதிரை வண்டிக் கட்டணமும் இடம்பெற்ற ஒரு கூடையை வைத்தே விலைவாசி அளக்கப்பட்டது.

கிராமப்புறக் குடும்பங்களின் மொத்தச் செலவில் உணவின் பங்கு 2011-12-ல் 52.9 சதவீதம், 2023-24-ல் 47.04 சதவீதம். நகர்ப்புறத்தில் அது 42.62-லிருந்து 39.68 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய எடைகளின்படி உணவுக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. இதனால் உணவு விலை ஏறும்போது பணவீக்கம் மிகையாகத் தெரிந்திருக்கும். இறங்கும்போது குறைவாகத் தெரிந்திருக்கும். 2025 அக்டோபரில் நடந்தது இரண்டாவது வகை. பழைய கூடை எப்போதும் அரசுக்குச் சாதகமாகவே பிழை செய்யும் என்பதில்லை. ஆனால் எந்தப் பக்கம் பிழையானாலும் அது பிழைதான்.

விவசாயத் தொழிலாளர்களின் நிலை இதைவிட மோசம். அவர்களுக்கென்று தனிக் குறியீடு இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஊதியம் அதை வைத்தே திருத்தப்பட்டு வந்தது. அந்தக் குறியீட்டின் எடைகள் 1983-ல் எடுத்த ஆய்விலிருந்து வந்தவை. 2025 ஜூன் மாதக் குறியீட்டில்தான் அது 2019-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசைக்கு மாறியது. 42 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கூலித் தொழிலாளி என்ன சாப்பிட்டார், எதற்குச் செலவழித்தார் என்பதை வைத்து, அவருடைய பேரப்பிள்ளைகளின் கூலி நிர்ணயிக்கப்பட்டு வந்திருக்கிறது.

2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய நுகர்வோர் குறியீட்டு வரிசைக்கு மாறுவதாக அமைச்சகம் அறிவித்தது. 2023-24 ஆய்வின் எடைகள், கிராமப்புற வீட்டு வாடகை, இணைய வணிக விலைகள் எல்லாம் அதில் சேர்வது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் கூடையைப் புதுப்பிப்பதால் மட்டும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது.

சராசரி என்பது யார்?

குறியீட்டின் எடைகள் மக்களை எண்ணி வருவதில்லை. ரூபாயை எண்ணி வருகின்றன. எல்லாக் குடும்பங்களின் செலவையும் ஒன்றாகக் கூட்டி, அந்த மொத்தத்தில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அதிகம் செலவழிப்பவரின் குரல் அங்கே அதிகமாக ஒலிக்கும்.

2023-24 ஆய்வின்படி கிராமங்களில் அடித்தட்டில் உள்ள 5 சதவீதத்தினரின் மாதச் செலவு தலைக்கு 1,677 ரூபாய். நகரங்களில் மேல்தட்டில் உள்ள 5 சதவீதத்தினரின் செலவு தலைக்கு 20,310 ரூபாய். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது தேர்தலில்தான். தேசியக் குறியீட்டின் எடையைத் தீர்மானிப்பதில் அந்த நகரவாசி ஒருவர், கிராமத்து ஏழைகள் பன்னிரண்டு பேருக்குச் சமம்.

கற்பனையாக இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதல் குடும்பம் மாதம் 15,000 ரூபாய் செலவழிக்கிறது. அதில் 9,000 உணவுக்கு. இரண்டாவது குடும்பம் ஒரு லட்சம் செலவழிக்கிறது, உணவுக்கு 25,000. உணவு விலை 10 சதவீதமும் மற்றவை 2 சதவீதமும் ஏறுகின்றன. முதல் குடும்பத்துக்குப் பணவீக்கம் 6.8 சதவீதம். இரண்டாவது குடும்பத்துக்கு 4 சதவீதம். செலவுகளைக் கூட்டிக் கணக்கிட்டால் வரும் "சராசரி" 4.4 சதவீதம். அது வசதியான குடும்பத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. "பணவீக்கம் கட்டுக்குள் இருக்கிறது" என்ற அறிவிப்பு முதல் குடும்பத்தின் காதில் கேலியாக விழுவது இதனால்தான்.

ஊருக்கு ஊரும் இந்தச் சராசரி பிளக்கிறது. நாடு முழுவதற்கும் 0.25 என்று அறிவித்த அதே அறிக்கையில், அண்டை மாநிலமான கேரளத்தின் பணவீக்கம் 8.56 சதவீதம். தேங்காய் எண்ணெயில் சமைக்கும், தங்கத்தில் சேமிக்கும் மாநிலம் அது. பாலக்காட்டுக் குடும்பத்திடம் போய் விலைவாசி உயரவே இல்லை என்று சொல்ல முடியுமா?

ஏழைகளின் விலைவாசியைத் தனியே அளக்க முடியாதா? முடியும். 2022 ஜனவரியில் பிரிட்டனில் ஜாக் மன்றோ என்ற வறுமை ஒழிப்புச் செயற்பாட்டாளர், கடைகளில் மிக மலிவான பொருட்களின் விலைதான் பல மடங்கு ஏறியிருக்கிறது, அரசின் கணக்கு அதைக் காட்டவில்லை என்று குரல் எழுப்பினார். அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. அன்றாடம் வாங்கும் 30 உணவுப் பொருட்களின் மிக மலிவான வகைகளை மட்டும் எடுத்து, மே மாதம் தனிக் கணக்கு வெளியிட்டது. ஓராண்டில் பாஸ்தாவின் விலை 50 சதவீதம் ஏறியிருந்தது தெரியவந்தது; ஆனால் முப்பது பொருட்களின் சராசரி உயர்வு, பொதுவான உணவுப் பணவீக்கத்தை ஒட்டியே இருந்தது. குறை சொன்னவரின் வாதம் பாதி உறுதியானது, பாதி ஆகவில்லை. கேள்வி கேட்கப்பட்டது, அளந்து பதில் சொல்லப்பட்டது என்பதே இதில் முக்கியம்.

எண்ணைத் திருத்தினால் என்ன ஆகும்?

கணக்கில் குறை இருப்பது வேறு, கணக்கையே திரிப்பது வேறு. இரண்டாவதற்கு உலகம் நன்கறிந்த உதாரணம் அர்ஜென்டினா. 2007-ல் அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனத்தில் அரசு தலையிட்டது. விலைக் குறியீட்டுப் பிரிவின் தலைவர் கிராசியேலா பெவாக்குவா நீக்கப்பட்டார். அதன்பின் அதிகாரப்பூர்வப் பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்க, தனியார் மதிப்பீடுகள் அதைப்போல இரு மடங்குக்கு மேல் காட்டின. சொந்தமாகக் கணக்கிட்டு வெளியிட்டவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2012-ல் 'தி எகனாமிஸ்ட்' இதழ் அரசின் எண்ணை அச்சிடுவதையே நிறுத்தியது. 2013 பிப்ரவரியில் பன்னாட்டு நிதியம் அந்நாட்டின் மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. பணவீக்கத்துடன் இணைக்கப்பட்ட அரசுக் கடன் பத்திரங்களுக்குக் குறைந்த வட்டி கொடுத்துச் சில காலம் மிச்சம் பிடித்தார்கள். ஆனால் போன நம்பிக்கையை மீட்கப் பல ஆண்டுகள் ஆயின.

துருக்கியின் கதையும் கவனிக்கத்தக்கது. 2022 அக்டோபரில் அரசு நிறுவனம் அறிவித்த பணவீக்கம் 85.51 சதவீதம். கல்வியாளர்களின் சுயேச்சையான குழு ஒன்று சொன்னது 185.34 சதவீதம். அந்தக் குழுவின் முறை குறித்தும் கேள்விகள் உண்டு. ஆனால் அதே ஆண்டின் நடுவில், பொருள் வாரியான சராசரி விலைப் பட்டியலை வெளியிடுவதை அரசு நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஓய்வூதிய உயர்வும் ஊதியப் பேச்சுவார்த்தையும் இந்த எண்ணை நம்பியிருக்கும் நாட்டில், சரிபார்க்கும் கதவை மூடிவிட்டு "நம்புங்கள்" என்றால் யார் நம்புவார்கள்?

இந்தியா அந்த நிலையில் இல்லை. நமது குறியீட்டின் எடைகளும் பிரிவு வாரியான எண்களும் பொதுவெளியில் கிடைக்கின்றன. இந்தக் கட்டுரையின் கணக்குகளே அதற்குச் சான்று. ஆயினும் முடிந்த ஓர் ஆய்வை வெளியிடாமல் வைப்பது, அந்தப் பாதையில் எடுத்து வைக்கும் முதல் அடியாகிவிடக் கூடாது.

உயர்வு யாருக்கு, உறைவு யாருக்கு?

இனி, நம் பைக்கு நேரடியாக வரும் விஷயம். விலைக் குறியீடு வெறும் செய்தி அல்ல; பணத்தைப் பகிரும் கருவி. ரிசர்வ் வங்கி 4 சதவீதத்தை இலக்காக வைத்து, இந்த எண்ணைப் பார்த்தே வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கிறது. ஒன்றிய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கான குறியீட்டின்படி ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. 2016 ஜனவரியில் சுழியத்தில் தொடங்கிய அந்தப் படி 2025 ஜூலையில் அடிப்படை ஊதியத்தின் 58 சதவீதத்தை எட்டியது. இந்தக் காலத்தில் வாழ்க்கைச் செலவு 58 சதவீதம் ஏறிவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதற்குப் பொருள்.

அவர்களுக்குக் கிடைப்பது நியாயமே. கேள்வி மற்றவர்களைப் பற்றியது.

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். பல ஆண்டுகளுக்கு முன் நிர்ணயித்த தொகை இது. 2025-லும் அதே 200. ஊழியர்களுக்கு 2016 முதல் கொடுத்த 58 சதவீத உயர்வை மட்டும் இதற்கும் கொடுத்திருந்தால்கூட 316 ரூபாய் ஆகியிருக்கும். தமிழ்நாட்டில் மாநில நிதியையும் சேர்த்து வழங்கும் முதியோர் உதவித்தொகை 2011-ல் 1,000 ரூபாய் ஆனது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2023-ல் 1,200 ஆனது. இருபது சதவீத உயர்வு. அதே காலத்தில் நுகர்வோர் குறியீடு 80 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது.

இந்த முதியவர்களுக்கு எடை சரியா, கூடை புதியதா என்ற விவாதமே எட்டாத தூரத்தில் இருக்கிறது. எந்தக் குறியீட்டோடும் அவர்களது தொகை இணைக்கப்படவில்லை. அளவுகோல் பழுதாக இருப்பது ஒரு அநீதி என்றால், சிலரை அளக்கவே மறுப்பது அதைவிடப் பெரிய அநீதி.

நாம் கேட்க வேண்டியது

மாதந்தோறும் 12-ஆம் தேதி வாக்கில் பணவீக்க எண் வெளியாகும்போது அதைக் கொண்டாடுவதோ, பொய் என்று தூக்கி எறிவதோ நமக்கு உதவாது. தலைப்பில் வரும் ஒற்றை எண்ணைத் தாண்டி, பிரிவு வாரியாகவும் மாநில வாரியாகவும் பார்க்கப் பழக வேண்டும். முந்தைய ஆண்டின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். நுகர்வுச் செலவு ஆய்வு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடக்க வேண்டும்; முடிவு ஆட்சியாளருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வெளிவர வேண்டும். ஏழைக் குடும்பங்களின் செலவை எடையாகக் கொண்ட தனிக் குறியீட்டை மாதந்தோறும் வெளியிட வேண்டும். விலைகள் ஏற்கனவே சேகரிக்கப்படுகின்றன, செலவுப் படிநிலை வாரியான கணக்கும் கையில் இருக்கிறது. இதற்குத் தேவை மனம் மட்டுமே. எல்லாவற்றுக்கும் மேலாக, முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை அந்தக் குறியீட்டோடு சட்டப்படி இணைக்கப்பட வேண்டும்.

0.25 சதவீதம் என்ற அறிவிப்பு வந்த அதே மாதமும் ஒன்றிய அரசின் பங்காக அந்த முதியவர் பெற்றது அதே 200 ரூபாய்தான். விலைவாசியை அளக்கத் தெரிந்த அரசுக்கு, அவரது பையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் கணக்கிடத் தெரியும். அதைக் கணக்கிடச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.